அக்காவின் டயாலிசிஸ் கைக்கு இறந்தவரின் சிரையை வைக்கலாம் என்கிறார்கள். கிட்னி கொடுக்க நான் இருக்கும்போது இது சரியா?

உறையூரான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். வயது 49. சர்க்கரை கிடையாது, பி.பி.யில்தான் கிட்னி போனது. இரண்டு பிள்ளைகள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

முதலில் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது, போட்டார்கள். அது தேறவே இல்லை. அப்புறம் அதே முன்கையில் பி.டி.எஃப்.இ. கிராஃப்ட், அதாவது செயற்கைக் குழாய் வைத்தார்கள். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. போன மாதம் ஊசி குத்தும் இடத்தில் சீழ் வைத்து, குளிர் காய்ச்சல் வந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்று கண்டுபிடித்து முழுக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் பெர்ம்கேத்தோடு (கழுத்துச் சிரையில் செருகிய கதீட்டர் குழாய்) போய்வருகிறாள்.

இப்போது சர்ஜன் புதிதாக ஒன்று சொல்கிறார். இறந்தவர்கள் தானமாகத் தந்த தொடைச் சிரையை உறையவைத்துப் பாதுகாக்கிறார்களாம். அதில் ஒன்றை அக்கா கையில் வைக்கலாம், பிளாஸ்டிக் குழாயில் ஒட்டுகிற மாதிரி அதில் கிருமி சுலபமாக ஒட்டாது என்கிறார்.

அம்மாவுக்கு "செத்தவங்க நரம்பையா எம்பொண்ணு கையில வெக்கிறது" என்று ஒரே அழுகை. அதைச் சமாளித்துவிடலாம். என் கவலை வேறு. அக்காவுக்கு நான்தான் கிட்னி கொடுப்பதாகப் பேச்சு. ரத்தப் பிரிவு ஒன்றுதான், எச்.எல்.ஏ. டெஸ்ட் (திசுப் பொருத்தம் பார்ப்பது) இன்னும் எடுக்கவில்லை. வேறொருவரின் சிரையை உள்ளே வைத்தால் நாளைக்கு என் கிட்னியை அவள் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா? மாமா இதைக் கேட்டதற்கு "பெரும்பாலும் பிரச்சினை இருக்காது" என்றார்களாம். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை.

ஏழாம்_படுக்கை

தம்பி, நான் கும்பகோணம் பக்கம். டயாலிசிஸில் பழம் தின்று கொட்டை போட்டவன். இந்த உறைந்த சிரை சமாச்சாரம் எனக்குப் புதிது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இடது கை போச்சு, சரி. வலது கை என்ன ஆச்சு? அங்கே சொந்த ரத்தக்குழாயே இல்லையா? அதைப் பார்க்காமல் அடுத்தவர் குழாய்க்கு ஏன் போகிறார்கள்?

உறையூரான்

வலது கையில் முன்பு ஐ.சி.யு.வில் இருந்தபோது ஊசி போட்டுப் போட்டு நிறைய அடைத்துவிட்டது என்று சொன்னார்களாம், அண்ணா. ஸ்கேன் எடுத்தார்களா என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

ஊசிமுனை

மதுரையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். உறையூரான், "நிறைய அடைத்துவிட்டது" என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை விடுங்கள். வெயின் மேப்பிங் என்று டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. தோள்வரைக்கும் ஒவ்வொரு சிரையையும் அளந்து, எத்தனை மில்லிமீட்டர், எங்கே அடைப்பு என்று தாளில் எழுதித் தருவார்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

முன்கையில் மேலாகத் தெரியும் சிரைகள்தான் ஊசி பட்டுக் கெடும். மேல்கையின் உட்பக்கம் பேசிலிக் சிரை ஆழத்தில் ஓடுகிறது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் செருகும் ஊசிக்குழாய்) போடுகிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது, அதனால் பல பேருக்குத் தப்பித்துக் கிடக்கும். அதை வெளியே எடுத்து, தோலுக்கு அடியில் மேலாகக் கொண்டுவந்து வைத்து ஃபிஸ்டுலா ஆக்கலாம். சில இடத்தில் ஒரே ஆபரேஷன், சில இடத்தில் இரண்டு கட்டம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிரியாட்டினின் ஏற ஆரம்பித்த நாளிலிருந்தே, எழுதாத கையை யாருக்கும் ஊசி போடக் கொடுக்காதீர்கள். ரத்தம் எடுக்க வந்தால் புறங்கையை நீட்டுங்கள். நர்ஸ் முறைத்தால் முறைக்கட்டும்.

கடல்கடந்தவள்

டெக்சஸிலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு இந்தச் சிரையைத்தான் வைத்திருக்கிறது. அவருக்கு 74 வயது, இதயம் பலவீனம், மாற்று அறுவை என்ற பேச்சே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கிராஃப்ட்டும் கிருமி பிடித்துப் போனது. இரண்டாவது தடவை ரத்தத்தில் கிருமி பரவி, முதுகெலும்புவரை போய், பிழைத்ததே பெரிய விஷயம். அதற்கப்புறம்தான் இது. இன்றுவரை நன்றாக ஓடுகிறது. டயாலிசிஸ் செய்யும் நர்ஸ், ஊசி போடுவதற்குச் சொந்த ஃபிஸ்டுலா மாதிரியே மெத்தென்று இருக்கிறது என்றார். ஆகவே "அடுத்தவர் குழாயா" என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமை. அது இல்லையென்றால் எங்கள் வீட்டில் அவர் இல்லை.

ரத்தஓட்டம்

நான் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்கிறவன், கோவை. பயிற்சிக் காலத்தில் அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தபோது இந்தச் சிரைகளைக் கையில் தொட்டு வேலை செய்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் எப்படி வரும் என்றால், இறந்த கொடையாளரின் தொடையிலிருந்து எடுத்த சிரையை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் கலந்து மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 135 டிகிரிக்கும் கீழே வைத்திருப்பார்கள். இதை வணிகமாகச் செய்யும் பெரிய நிறுவனம் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் கிரையோலைஃப். 2022இல் ஆர்டிவியான் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆபரேஷன் அன்று பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, டி.எம்.எஸ்.ஓ.வைப் படிப்படியாகக் கழுவி எடுக்க வேண்டும். தியேட்டர் முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும், அது அந்தத் திரவத்தின் வாசனை. பிறகு ஒரு முனையிலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். சிரைக்குள் வால்வு இருக்கிறதல்லவா, ஒரு பக்கமிருந்து விட்டால் நீர் ஓடும், மறுபக்கமிருந்து விட்டால் நிற்கும். ஓடுகிற திசைதான் தமனியிலிருந்து வரும் ரத்தத்தின் திசையாக இருக்க வேண்டும். திருப்பித் தைத்துவிட்டால் முடிந்தது கதை. பார்த்து முடித்ததும் அந்த முனையில் மையால் ஒரு அம்புக்குறி போட்டு வைப்போம்.

இனி உறையூரானின் கேள்வி. ஆம், குறுக்கே வரும்.

இந்த உறைய வைக்கும் முறையின் நோக்கமே சிரையின் செல்கள் கூடுமானவரை சாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான். செல் இருந்தால் அதன்மேல் கொடையாளரின் எச்.எல்.ஏ. அடையாளங்களும் இருக்கும். அக்காவின் உடம்பு அதைப் பார்த்து, அதை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாக்கும். இதற்காகத் தனியாக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எதுவும் தருவதில்லை. சிரை மூடிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம், டயாலிசிஸ் நன்றாக நடக்கலாம், ஆனால் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏறியிருக்கும். உறைந்த சிரை வைத்தவர்களுக்கு பி.ஆர்.ஏ., அதாவது அந்த ஆன்டிபாடி எத்தனை பேருக்கு எதிராக இருக்கிறது என்று காட்டும் சதவீதம், ஏறுவது 1990களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பி.ஆர்.ஏ. 80 என்றால், நூறு கொடையாளர் வந்தால் எண்பது பேரின் கிட்னி இவருக்கு ஆகாது என்று அர்த்தம். பிறகு சிரையை எடுத்துவிட்டாலும் அந்த ஆன்டிபாடி கூடவே போய்விடும் என்று நம்ப முடியாது.

நீங்கள் உடன்பிறந்தவர். நூற்றுக்கு 25 வாய்ப்பு முழுப் பொருத்தம், 50 வாய்ப்பு பாதிப் பொருத்தம், 25 வாய்ப்பு பொருத்தமே இல்லை. முழுப் பொருத்தமென்றால் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி பற்றி அதிகம் கவலை வேண்டாம், உங்களிடம் இருப்பதுதான் அவளிடமும். பாதிப் பொருத்தம் என்றால் அவளிடம் இல்லாத அடையாளங்கள் உங்கள் கிட்னியில் இருக்கும். அந்தச் சிரையின் கொடையாளருக்கும் அதே அடையாளம் இருந்து தொலைத்தால் உங்கள் கிட்னிக்கு எதிராக முன்கூட்டியே ஆன்டிபாடி தயாராக நிற்கும், உங்கள் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் க்ராஸ்மேட்ச் டெஸ்ட் பாசிட்டிவ் வரும், அதாவது ஒத்துவராது.

"பெரும்பாலும் பிரச்சினை இல்லை" என்று சொன்னவர் அநேகமாக அறுவைச் சிகிச்சையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். இதைக் கேட்க வேண்டிய இடம் டிரான்ஸ்பிளான்ட் டீம். சிரை வைக்கும் முன் இரண்டு டீமும் ஒருமுறை பேசிக்கொள்ளட்டும். உங்கள் எச்.எல்.ஏ. டெஸ்டும் அதற்கு முன் வரட்டும்.

உறையூரான்

சார், ரொம்ப நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒருமுறை ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். அதிலும் ஆன்டிபாடி வரும் என்று எங்கோ படித்தேன்.

ரத்தஓட்டம்

வரும். பிரசவத்தில் தகப்பன் வழி அடையாளங்களுக்கு எதிராக வரும். அதனால்தான் பல நேரம் கணவர் கிட்னி கொடுக்க முன்வந்தும் மனைவிக்கு ஒத்துவராது. இருக்கிற சுமையோடு இன்னொன்றையும் ஏற்றலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

கடல்கடந்தவள்

டாக்டர் சார், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவருடைய அக்கா இப்போது கழுத்துக் கதீட்டரில் இருக்கிறார். ஏற்கெனவே ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்த உடம்பு. பேசிலிக் சிரையை எடுத்து ஃபிஸ்டுலா போட்டு, அது பெருத்து, இரண்டாம் கட்டம் முடிந்து, ஊசி போடும் நிலைக்கு வர எத்தனை மாதம்? அதுவரை கழுத்தில் அந்தக் குழாய். திரும்ப ஒரு தடவை ரத்தத்தில் கிருமி போனால் ஆன்டிபாடியைப் பற்றிப் பேச ஆளே இருக்க மாட்டார். நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். தானச் சிரையென்றால் சில வாரங்களில் ஊசி போட ஆரம்பித்துவிடலாம், கதீட்டரும் சீக்கிரம் போகும்.

ரத்தஓட்டம்

இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கதீட்டர்தான் இருப்பதிலேயே மோசமான வழி. உங்கள் மாமனாருக்கு நான் டாக்டராக இருந்தாலும் அந்தச் சிரையைத்தான் வைத்திருப்பேன். கிருமி பிடித்த இடம், மாற்று அறுவை இல்லை, வேறு வழி தீர்ந்துவிட்டது என்றால் அதற்காகவே இருக்கும் பொருள் அது. 49 வயதில், கொடையாளர் வீட்டிலேயே இருக்கும் ஒருவருக்கு மட்டும்தான் நான் தயங்குகிறேன். தம்பியின் டெஸ்ட் சீக்கிரம் முடிந்து, ஆறு மாதத்தில் மாற்று அறுவையே நடந்துவிடும் என்றால் கையில் இத்தனை வேலை செய்யத் தேவையும் இல்லை. அந்தக் கணக்கைத்தான் அங்கே உட்கார்ந்து போட வேண்டும். அமெரிக்க மருத்துவ வழிகாட்டு நெறிகளே 2019இல் "எல்லோருக்கும் முதலில் ஃபிஸ்டுலா" என்பதிலிருந்து இறங்கிவந்து, நோயாளியின் முழு ஆயுளுக்கும் திட்டம் போட்டுவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள் என்கின்றன.

பழையதாள்

இடையில் ஒரு சின்னக் கதை, மன்னிக்கவும். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைத் தமனியிலும் சிரையிலும் நிரந்தரமாகச் செருகி வெளியே வளைத்து விடும்வரை, தொடர் டயாலிசிஸ் என்பதே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயை வெட்டுவார்கள், வெட்ட இடம் தீர்ந்தால் அவ்வளவுதான். 1966இல் நியூயார்க் பிராங்க்ஸில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பிரேசியா, சிமினோ, ஆப்பல் மூன்று பேரும் கையிலேயே தமனியையும் சிரையையும் தைத்துக் காட்டினார்கள். இன்றுவரை நாம் போடும் ஃபிஸ்டுலா அதுதான்.

பிளாஸ்டிக் கிராஃப்ட் பரவுவதற்கு முன் 70களில் என்ன செய்தார்கள் தெரியுமா? காலில் நரம்புச் சுருட்டல் ஆபரேஷன் செய்தவர்களிடமிருந்து உருவி எடுத்த சிரையைக் குப்பையில் போடாமல், டயாலிசிஸ் நோயாளியின் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தொப்புள்கொடிச் சிரையையும் பதப்படுத்திப் பயன்படுத்தினார்கள். ஆக, அடுத்தவர் சிரை என்பது புதிதல்ல. உறையவைக்கும் தொழில்நுட்பம்தான் பின்னால் வந்தது.

ஏழாம்_படுக்கை

நரம்புச் சுருட்டலையா! எங்க பெரியப்பா காலில் இருந்ததை வைத்து ஒரு வார்டுக்கே கொடுத்திருக்கலாம்.

உறையூரான்

மாமா சர்ஜனிடம் திரும்பப் பேசியிருக்கிறார். வேறு வழி என்ன என்று கேட்டதற்கு மாட்டின் கழுத்துத் தமனியில் செய்த கிராஃப்ட் ஒன்று இருக்கிறது, அதில் ஆன்டிபாடிப் பிரச்சினை வராது என்றாராம். இதைக் கேட்டதும் அம்மா, "செத்த மனுஷங்களுதே பரவால்லடா" என்று தலைகீழாக மாறிவிட்டார். நாங்கள் சைவம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஊசிமுனை

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுகிறோமே, அது பன்றியின் குடலிலிருந்து எடுப்பது. உங்கள் அக்காவுக்கு வாரம் மூன்று தடவை போய்க்கொண்டுதான் இருக்கும். இதய வால்வுகூட மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்து வைப்பதுதான். எத்தனையோ அக்ரஹாரத்து ஆட்கள் அதோடு கோயிலைச் சுற்றி வருகிறார்கள்.

ரத்தஓட்டம்

அந்த மாட்டுக் கிராஃப்ட்டின் பெயர் ஆர்டிகிராஃப்ட், உங்கள் அக்கா இருக்கும் நியூஜெர்சியிலேயே உருவானது. அத்திப் பாலில் இருக்கும் ஃபைசின் என்ற என்சைமால் தமனியின் தசையையும் செல்லையும் அரித்துவிட்டு, மிச்சமிருக்கும் கொலாஜன் சட்டத்தைப் பதப்படுத்தியது. மனித எச்.எல்.ஏ. அதில் ஏது? கிருமி விஷயத்திலும் பிளாஸ்டிக்கைவிடப் பரவாயில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் இப்போது சீழ் இருந்த அதே இடத்தில் வைப்பதைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். வேறு கை, வேறு இடம் என்றால் கேள்வியே இல்லை.

மனிதச் செல்லில் குழாய் வளர்த்து, பிறகு செல்லை மட்டும் கழுவி எடுத்துவிடும் ஒரு முறையும் இருக்கிறது. வட கரோலினாவின் ஹியூமசைட் நிறுவனம் செய்கிறது. 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) அனுமதி கிடைத்தது, ஆனால் கை கால் ரத்தக்குழாய் காயங்களுக்குத்தான். டயாலிசிஸுக்கு அந்த அனுமதி பொருந்தாது. யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் குழம்ப வேண்டாம்.

வைகைப்புயல்

இதெல்லாம் அமெரிக்காக் கதை. நம்ம ஊரில் இந்தச் சிரை கிடைக்குமா, காப்பீட்டுத் திட்டத்தில் வருமா, அதைச் சொல்லுங்கள்.

ஊசிமுனை

நான் வேலை பார்த்த யூனிட் எதிலும் இப்படிச் சிரை வைத்தவரைப் பார்த்ததில்லை. ஃபிஸ்டுலா, இல்லையென்றால் கிராஃப்ட், அதுவும் இல்லையென்றால் பெர்ம்கேத். அதுதான் நம்ம ஊர் வரிசை. கையிலேயே இடமில்லாதவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை ஏனோ நிறைய பேர் யோசிப்பதே இல்லை.

ரத்தஓட்டம்

சட்டத்தில் தடை இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011இல் திருத்தியபோது திசுக்களையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் நம்மிடம் திசு வங்கி என்றால் கண், தோல், எலும்பு, இதய வால்வு அளவில்தான். சிரையை மைனஸ் 135இல் வைத்து, அதை வாங்க ஆளும் இருந்து, அதன்பின் ஒருவர் பணம் கட்டி… நடக்கும்போது பார்ப்போம்.

உறையூரான்

இழையைப் படித்தவர்களுக்கு நிலவரம்.

வெயின் மேப்பிங் எடுத்தார்கள். ஊசிமுனை சொன்னது அப்படியே. வலது மேல்கை பேசிலிக் சிரை 3.5 மில்லிமீட்டர், அடைப்பு இல்லை. வலது மணிக்கட்டுப் பக்கம் எல்லாம் போய்விட்டது. டிரான்ஸ்பிளான்ட் டீம் இந்த இழையைப் படித்த மாதிரியே பேசினார்களாம். கொடையாளர் இருக்கும்போது தானச் சிரை வேண்டாம் என்று குறிப்பில் எழுதிவிட்டார்கள். சர்ஜனும் கோபித்துக்கொள்ளவில்லை. பேசிலிக்கில் இரண்டு கட்டமாக ஃபிஸ்டுலா, அது தேறாவிட்டால் மாட்டுக் கிராஃப்ட், அதுவும் போனால் அப்போது தானச் சிரையை யோசிப்போம் என்றிருக்கிறார். கடல்கடந்தவள் அக்கா சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது. கதீட்டர் இன்னும் கழுத்தில்தான்.

என் எச்.எல்.ஏ. ரத்தம் நேற்று எடுத்தாயிற்று, முடிவு வரவில்லை.

ஒரு கேள்வி. அக்கா வலது கைக்காரி. வலது கையில் ஃபிஸ்டுலா வந்தால் சமையல், எழுத்து எல்லாம் முடியுமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஊசிமுனை

முடியும். தையல் ஆறிய பின் ரப்பர் பந்தை அழுத்திப் பழகச் சொல்வார்கள், வலது கையென்றால் அந்தப் பயிற்சி சமையலறையிலேயே பாதி நடந்துவிடும். கனமான குக்கர், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடக்கூடாது, அந்தக் கைமேல் தலைவைத்துப் படுக்கக்கூடாது, இறுக்கமான வளையல் கூடாது. டயாலிசிஸ் நேரத்தில் அந்தக் கையை ஆட்ட முடியாது, அப்போது இடது கையால் சாப்பிடத்தான் வேண்டும்.

தினமும் காலையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பழகட்டும். பூனை உறுமுகிற மாதிரி இருக்கும். நின்றுவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். விரல் நுனி சில்லென்று வெளுத்து வலித்தாலும் சொல்ல வேண்டும், விரலுக்குப் போக வேண்டிய ரத்தம் அதிகமாக ஃபிஸ்டுலா வழியே திரும்பிவிடுகிறது என்று அர்த்தம்.

கடல்கடந்தவள்

கதீட்டர் கட்டு மாற்றும்போது நர்ஸும் அக்காவும் இருவருமே மாஸ்க் போட வேண்டும். அங்கே அவசரத்தில் சில நேரம் விட்டுவிடுவார்கள். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது கழுத்தில் தண்ணீர் படக்கூடாது. எச்.எல்.ஏ. முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.